பெரியப்பாவா, சித்தியா

போன ஜூனில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். பள்ளிக்கூடம் அப்போதுதான் திறந்திருந்தது, அதனால் பிள்ளைகள் இரண்டு பேரையும் மேடவாக்கத்தில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் மனைவியும் மட்டும் போய்வந்தோம். மூத்தவள் பிறந்ததற்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேராக மட்டும் போன முதல் பயணம் அது. திரும்பும்போது ராத்திரி பஸ். உளுந்தூர்பேட்டை தாண்டி எங்கேயோ, மணி மூன்று இருக்கும், டிரைவர் ஒரு பிரேக் போட்டார். முன்னால் போன லாரியில் பின்விளக்கு எரியவில்லையாம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, மேல் பெர்த்திலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது, ஒரு குழந்தை அழுதது, கிளீனர் இறங்கிப் போய் லாரிக்காரரைத் திட்டிவிட்டு வந்தார், பஸ் கிளம்பியது. எல்லோரும் மறுபடி தூங்கிவிட்டார்கள். இவள் தூங்கவில்லை. திண்டிவனம் வரும்போது கேட்டாள்.

"ஏங்க, இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆகியிருந்தா புள்ளைங்க யார்கிட்ட போவாங்க?"

"அதான் அம்மா இருக்காங்கல்ல."

அம்மாவுக்கு 72 வயது. மூட்டு தேய்ந்து போய் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். மகளுக்கு 7, மகனுக்கு 3. நான் சொன்ன பதில் எனக்கே அசட்டுத்தனமாகத்தான் இருந்தது.

"அத்தைக்கு அப்புறம்?" என்றாள். நான் தூங்குவதுபோல நடித்தேன்.

இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு இருந்தது. நான் பொறுப்பானவன், எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன் என்று. இன்சூரன்ஸ் இருக்கிறது, பிஎஃப் இருக்கிறது, ஆபீஸில் குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறது, ஃபிளாட் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவில் அடித்தட்டில் இருந்த மஞ்சள் பையை எடுத்துக் கட்டிலில் கொட்டினேன். ஏதோ ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பழைய கேஸ் புத்தகம், மகளின் தடுப்பூசி அட்டை, இவற்றுக்கு நடுவே இரண்டு பாலிசி பத்திரங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஊர் ஏஜென்ட் மாமா ஒருவர் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, போட்டுவிட்டுப் போனது. இரண்டும் எண்டோவ்மென்ட், அதாவது காப்பீட்டோடு சேமிப்பும் சேர்ந்தது, காலம் முடிந்தால் பணம் திரும்ப வரும். இரண்டும் சேர்த்து நான் செத்தால் கிடைக்கக்கூடியது போனஸ் நீங்கலாக 5 லட்சம், அதற்கு வருஷம் 28,000 ரூபாய் கட்டிக்கொண்டிருக்கிறேன். நாமினி என்ற இடத்தில் அந்த மாமாவின் கையெழுத்தில், ஊதா மையில், என் அப்பாவின் பெயர். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. 2019இல் அவருடைய பேங்க் கணக்கை முடிக்க நான் அலைந்த அலைச்சல் எனக்கே தெரியும், அப்போதுகூட இந்தப் பத்திரத்தைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

பிஎஃப் இன்னும் கேவலம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவை நாமினியாகப் போட்டது அப்படியே கிடந்தது. குடும்பம் என்று ஒன்று ஆகிவிட்டால் அதற்கு முன்பு போட்ட நாமினேஷன் செல்லாது, புதிதாகப் போடவேண்டும். இதை ஆபீஸில் ஒருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இத்தனைக்கும் ஆன்லைனில் அரைமணி நேர வேலை. பிஎஃப்போடு ஒட்டிக்கொண்டு இடிஎல்ஐ என்று ஒரு காப்பீடு இருக்கிறது, வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும், நம்மிடம் தனியாகப் பணம் பிடிப்பதில்லை என்பதால் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ் 30 லட்சம். அது வேலை இருக்கும்வரைதான். 38 வயதில், இப்போது இருக்கிற நிலைமையில், இந்த வேலை அடுத்த தீபாவளிக்கு இருக்கும் என்று நான் யாரிடமும் பந்தயம் கட்டமாட்டேன்.

அடுத்து ஃபிளாட். என் பெயரில் மட்டும் இருக்கிறது. கடன் பாக்கி 41 லட்சம். "எனக்கு அப்புறம் எல்லாம் உனக்குத்தானே" என்று இவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அது பொய் என்று எனக்குத் தெரியாது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமபங்கு என்கிறது. முதல் வகுப்பில் மனைவி, மகன், மகள், அதோடு அம்மா. அப்பா அதில் இல்லை, அவர் இரண்டாம் வகுப்பு. ஆக என் ஃபிளாட்டில் இவளுக்குக் கால் பங்கு, அம்மாவுக்குக் கால், 7 வயதுக்கும் 3 வயதுக்கும் ஆளுக்குக் கால். நான்கு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறவரை இந்தக் கணக்கு யாருக்கும் உறைக்காது. வீட்டை விற்கவேண்டும் என்று வரும்போதுதான் உறைக்கும்.

என் பழைய டீமில் இருந்த ஒருவர் 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாவது அலையில் போய்விட்டார். சின்னப் பிள்ளைகள் இரண்டு. அவருடைய மனைவி ஃபிளாட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு அம்மா வீட்டுப் பக்கம் போகலாம் என்று நினைத்தார். வாங்க ஆள் வந்து, விலை பேசி, அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. வாங்குபவரின் வக்கீல் பத்திரத்தைப் பார்த்துவிட்டு மைனர் பங்கு இருக்கிறதே, கோர்ட் அனுமதி எங்கே என்று கேட்டார். பெற்ற தாயாகவே இருந்தாலும் மைனர் பிள்ளையின் அசையாச் சொத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது, 1956இலேயே வந்த இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டத்தின் 8வது பிரிவு அது. பிள்ளையின் சொத்தை யாரும் தின்றுவிடக்கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம், நல்ல சட்டம்தான். ஆனால் அந்த அம்மா மனு போட்டு, விசாரணை முடிந்து, உத்தரவு வாங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அட்வான்ஸ் கொடுத்தவர் மூன்றாவது மாதமே திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். இஎம்ஐ மட்டும் நிற்கவில்லை.

எல்லாம் என் மனைவிக்கே என்று அவர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி வாங்கியிருந்தால் இந்த ஒரு வருஷம் மிச்சம். நான் அந்த வீட்டுத் துக்கத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவன். வந்தும் நான்கு வருஷம் எதுவும் செய்யவில்லை.

பஸ் விஷயத்தைப் படிக்கப் போய் இன்னொன்று கண்ணில் பட்டது. கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரே விபத்தில் போய், யார் முதலில் போனார் என்று தெரியாவிட்டால், வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை வயதில் சின்னவர்தான் பின்னால் இறந்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளுமாம். வாரிசுரிமைச் சட்டத்தின் 21வது பிரிவு. இவள் என்னைவிட நான்கு வயது சின்னவள். ஆக அந்த உளுந்தூர்பேட்டை இருட்டில் சட்டப்படி நான் முதலில் செத்து, என் சொத்தில் கால் பங்கு இவளுக்குப் போய், ஒரு நொடி கழித்து இவளும் செத்து, அது பிள்ளைகளுக்குப் போயிருக்கும். இதை இவளிடம் சொன்னபோது, "செத்தாலும் உங்களுக்கு அவசரம்" என்றாள்.

சரி, இன்சூரன்ஸ். இதில் நான் நீளமாகப் பேசப்போவதில்லை, ஏனென்றால் இது சுலபம். மாதம் வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 48,000. வருஷத்துக்கு 5,76,000. சின்னவனுக்கு 22 வயது ஆக 19 வருஷம் இருக்கிறது, அதற்கு ஒரு கோடியே 9 லட்சத்துச் சொச்சம். விலைவாசி ஏறும், பணத்துக்கு வட்டியும் வரும், ஒன்றுக்கொன்று சரியாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதோடு கடன் 41 லட்சம். ஒன்றரைக் கோடி. எனக்கு 60 வயது வரை, வெறும் டேர்ம் இன்சூரன்ஸ். "பணம் திரும்ப வருமா?" என்று கேட்டார் அம்மா. வராது, வரக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்ள வேண்டும் என்றேன். அப்படியானால் தண்டம்தானே என்றார். ஏஜென்ட் மாமா அந்தக் காலத்தில் ஜெயித்தது இந்த ஒரு கேள்வியில்தான். பழைய இரண்டு பாலிசிகளையும் இப்போது மூடினால் நஷ்டம், இன்னும் சில வருஷம்தான், ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். புதிதாக அப்படி ஒன்றை யாராவது பிள்ளையின் படிப்புக்கு என்று படம் போட்டுக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் புகைப்பழக்கம் உண்டா என்று ஒரு கேள்வி. ஊருக்குப் போனால் கூட்டாளிகளோடு ஒன்றிரண்டு, அவ்வளவுதான். போனில் பேசிய பையன், "அதெல்லாம் போடாதீங்க சார், பிரீமியம் கூடிடும்" என்றான். உண்டு என்றே போட்டேன். பிரீமியம் நன்றாகவே கூடியது. மூன்று வருஷம் முடிந்தால் எந்தக் காரணத்தைச் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று இன்சூரன்ஸ் சட்டம் 45வது பிரிவு சொல்கிறது, உண்மைதான். அந்த மூன்று வருஷத்துக்குள் நான் போய்ச் சேர்ந்தால், நான் சொன்ன பொய்க்கு இவள் போய்ப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டும். செப்டம்பர் 22, 2025இலிருந்து தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி எடுத்துவிட்டார்கள், நான் அக்டோபரில்தான் எடுத்தேன். என் சோம்பலுக்குக் கிடைத்த ஒரே பரிசு.

இதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஒரு பழைய சட்டம். மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 1874. அதன் 6வது பிரிவின்படி, ஒருவன் தன் பெயரில் எடுக்கும் பாலிசி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் அது அப்போதே அவர்களுடைய சொத்தாக, டிரஸ்ட் மாதிரி ஆகிவிடும். கடன்காரர் கை வைக்க முடியாது, மற்ற வாரிசுகள் பங்கு கேட்க முடியாது, ஏன், நானே நாளைக்கு மனசு மாறினாலும் மாற்ற முடியாது. இந்துக்களும் முஸ்லிம்களும் எடுத்த பாலிசிகளுக்கு இது எப்போதிலிருந்து பொருந்தும் என்று பார்த்தால், மதராஸில் மட்டும் 1913 டிசம்பர் 31க்குப் பிறகு, மற்ற இடங்களில் 1923 ஏப்ரல் 1க்குப் பிறகு என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே கிடைத்த ஒன்று, நூறு வருஷம் கழித்தும் என் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, பாலிசி எடுக்கும்போதே அதற்கான தாளையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். வாங்கி முடித்த பிறகு ஐயோ என்றால் முடியாது. பணத்தை வாங்கி வைத்துப் பிள்ளைகளுக்குச் செலவு செய்யும் பொறுப்பாளர் என்ற இடத்தில் யார் பெயர் போடுவது என்று கேட்டிருந்தார்கள். அங்கேதான் நாங்கள் நின்றுபோனோம், ஏனென்றால் அந்தக் கேள்வியும் பஸ்ஸில் இவள் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்.

அதற்கு முன்னால் நாமினி பற்றி ஒரு வார்த்தை. நாமினி போட்டாச்சு, எதற்கு உயில் என்று என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நாமினி என்பவர் பெரும்பாலும் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கிற கை மட்டும்தான். ஷேர் விஷயத்தில் இதையே உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் மறுபடியும் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் அவர்களே அனுபவிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள், அது ஒரு விதிவிலக்கு. மைனர் பிள்ளையை நாமினியாகப் போட்டால் அவனுக்காக வாங்கிக்கொள்ள ஒரு பெரிய ஆளையும், அப்பாயிண்ட்டி என்பார்கள், சேர்த்துப் போடவேண்டும். பேங்க் கணக்கில் 2025 நவம்பர் 1இலிருந்து நான்கு பேர் வரை போடலாம். அப்புறம், வருஷா வருஷம் மே கடைசியில் பேங்க் கணக்கிலிருந்து 436 ரூபாய் பிடிக்கிறார்களே, என்னவென்று தெரியாமல் திட்டிக்கொண்டிருப்போமே, அது 2 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு. எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்காவுக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்கள், நாமினி யாரென்று அவருக்குத் தெரியவில்லை, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்கு அனுப்பினோம்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். மற்ற எல்லாம் சேர்த்து எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. இதற்கு மட்டும் ஐந்து மாதம்.

மூன்று வீடுகள். விருதுநகரில் என் அண்ணன். பெங்களூரில் என் தங்கச்சி. ஸ்ரீரங்கத்தில் இவளுடைய தங்கை, அதாவது பிள்ளைகளுக்குச் சித்தி. எங்கள் பக்கத்து வழக்கப்படி கேட்கவே வேண்டாம், அப்பா இல்லாவிட்டால் பெரியப்பா. அதை எழுதிவைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, ஊர் தானாக அப்படித்தான் நினைக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணன் தங்கமானவர். அப்பா காரியத்துக்கு ஆன செலவை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தார், மாலை 150, ஐஸ் பெட்டி வேன் டீசல் 600, ஐயருக்குத் தட்சணை, டீ மாஸ்டருக்கு 50 கூடக் கொடுத்தது உட்பட. பதினாறாம் நாள் எங்கள் மூன்று பேருக்கும் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அவர் கையில் போன காசு ஒரு ரூபாய்கூட வழிதவறாது. ஆனால் அவருடைய பையன்கள் இரண்டு பேரும் காலேஜ். அந்த வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை சத்தம் போட்டு விளையாடி பதினைந்து வருஷம் ஆகிறது. அண்ணிக்கு முதுகு வலி.

தங்கச்சிக்கு என் மகள் என்றால் உயிர். ஆனால் அவள் வீட்டுக்காரருக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்பர், இப்போது பெங்களூர், அடுத்து எங்கேயோ.

ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு பேசுவோம், சண்டையில் முடியும். "உன் ஆளுங்க, என் ஆளுங்க" என்று ஒருநாள் வந்துவிட்டது, அதற்கப்புறம் இரண்டு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் இவள்தான் வேறு மாதிரி கேட்டாள். "சின்னவனுக்குக் காய்ச்சல், நம்ம ரெண்டு பேரும் வீட்டுல இல்ல, சொந்தக்காரங்க எல்லாரும் கூடத்துல உக்காந்திருக்காங்க. அவன் யார் மடியில போய்ப் படுப்பான்?" யோசிக்கவே இல்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சித்தி என்றோம்.

அதனால் பிரித்தோம். பிள்ளைகள் சித்தியிடம், பணம் பெரியப்பாவிடம். வளர்ப்பவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் வேறொருவர். சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது, பிள்ளைக்கு ஒரு கார்டியன், பிள்ளையின் சொத்துக்கு வேறொரு கார்டியன் என்று உயிலில் எழுதலாம். ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுத்தால் தப்பு என்று சொல்லவரவில்லை. ஆனால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் பிள்ளையை வளர்ப்பவரை ஊர் பேசும், கையில் காசில்லாமல் வளர்த்தால் அவருக்கே மனம் கசக்கும். அண்ணன் மாதாமாதம் அனுப்பிவைக்க, சித்தி வளர்க்க, இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

இதில் ஒரு சூட்சுமம். நான் என் உயிலில் கார்டியனாக யாரைப் போட்டாலும் இவள் உயிருடன் இருந்தால் அது செல்லாது, அம்மாதான் கார்டியன். எனக்குப் பிறகு இவளும் போனால் இவள் உயிலில் சொன்னவர்தான். இவள் யாரையும் சொல்லாமல் போனால்தான் நான் சொன்னவர். ஆகவே இரண்டு உயில், இரண்டிலும் ஒரே பெயர். அப்படியும் விஷயம் கோர்ட்டுக்குப் போனால் பிள்ளையின் நலன்தான் பெரிது, நாங்கள் எழுதியதைக் கோர்ட் அப்படியே ஏற்கவேண்டும் என்றில்லை. அதனால்தான் எழுதியதோடு நிற்காமல் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் போய் நேரில் சொல்வது என்று முடிவு செய்தோம்.

முதலில் ஸ்ரீரங்கம். கொழுந்தியா கேட்டதும் அழுதாள், அக்கா இப்படியெல்லாம் பேசாதே என்றாள், அதற்கப்புறம் சரி என்றாள். சகலை மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார், அதிகம் பேசமாட்டார். காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அண்ணே, எங்க வீட்டுல ரெண்டு ரூம்தான இருக்கு" என்றார். நாங்கள் ஐந்து மாதம் பேசியதில் யாரும் இதை யோசிக்கவில்லை. அதன் பிறகுதான், பிள்ளைகளோடு இருக்கப் பெரிய வீடு பார்க்கிற வாடகை வித்தியாசத்தையும் பிள்ளைகள் பணத்திலிருந்து கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தோம்.

அம்மாவிடம் சொன்னபோது, "நல்ல நாளும் அதுவுமா என்னடா பேச்சு இது, வாயக் கழுவு" என்றார். ஃபிளாட் முழுக்க மருமகளுக்கு என்று எழுதப்போகிறேன் என்றதற்கு, "எனக்கெதுக்குடா பங்கு" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் கீரை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார், "அப்ப நீ இல்லேன்னா எனக்குன்னு ஒண்ணும் கிடையாதா?" சட்டம் அவருக்குக் கொடுத்த கால் பங்கை நான் எடுக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் வலித்தது. பழைய பாலிசி இரண்டிலும் அப்பா பெயரை எடுத்துவிட்டு அம்மா பெயரைப் போட்டேன். 6 லட்சத்துக்கு ஒரு டெபாசிட், அதையும் உயிலில் அம்மாவுக்கு என்று தனியாக எழுதினேன். பத்திரத்தில் பெயர் மாற்றிய ஒப்புகைச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்ததும் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

அண்ணனிடம் சொல்லத்தான் பயம். விருதுநகர் வீட்டு மொட்டைமாடி, அண்ணி வடகம் காயப்போட்டிருந்தார், காக்கை விரட்டிக்கொண்டே சொன்னேன். முழுக்கக் கேட்டார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்பச் சரி. புள்ளைக அங்க. கணக்குப்புள்ள மட்டும் நானாக்கும்" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பத்து நாள் போனே இல்லை. பதினோராவது நாள் காலையில் போன் செய்து, பாலிசி நம்பர், பேங்க் கணக்கு, மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு டேர்முக்கு என்ன கட்டுகிறாய், எல்லாம் சொல்லு, எழுதிக்கொள்கிறேன் என்றார். பேனா தாளில் கீறுகிற சத்தம் கேட்டது.

உயில் எழுதியது ஒரு மத்தியான வேலை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், எந்த மொழியிலும் எழுதலாம், நாங்கள் தமிழில்தான் எழுதினோம். முதலில் ஒரு பத்திர எழுத்தரிடம் கேட்டோம். அவர் தயாராக வைத்திருந்த நகலில் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம், அதாவது புதையல், தண்ணீர், மரம், கல் எல்லாம் இருந்தது. எங்கள் பால்கனியில் இருக்கிற ஒரே தரு கற்றாழை. அதையெல்லாம் எடுத்துவிட்டு, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டோம். பிள்ளைகளுக்கு என்று வரும் சொத்து 18 வயதில் மொத்தமாகக் கையில் போய்விடும் என்பதால், எங்கள் இருவருக்கும் பிறகு ஃபிளாட்டையும் சேமிப்பையும் டிரஸ்டாக வைத்து 23 வயதில் கொடுக்கும்படி எழுதவைத்தார். அது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், வக்கீலுக்குக் கொடுத்த காசு அதற்கே தகும்.

சாட்சி இரண்டு பேர். நாம் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்கவேண்டும், அவர்கள் நம் முன்னால் போடவேண்டும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. நாளைக்குச் சிக்கல் வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்லவேண்டியிருக்கும் என்பதால் நம்மைவிட வயதில் சின்னவர்களாக, எளிதில் ஊரைவிட்டுப் போகாதவர்களாகப் பார்ப்பது நல்லது. உயிலில் எதுவும் பெறாதவர்களாகவும் இருக்கட்டும். கீழ்வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். உயில் என்றதும் முகம் மாறி, "சார், உடம்புக்கு ஏதாவது…?" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு வாசல்வரை போனவர் திரும்பிவந்து, அந்த வக்கீல் நம்பர் கிடைக்குமா என்றார்.

பதிவு செய்வது கட்டாயமில்லை, நாங்கள் செய்தோம். ஆன்லைனில் டோக்கன் போட்டு, இரண்டு சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகம், போட்டோ, கைரேகை, சொற்பக் கட்டணம், முத்திரைத் தீர்வை கிடையாது. உயிலுக்குத் தனிப் புத்தகம், வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் வராது, நாம் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். நாளைக்கே மனசு மாறினால் புதிதாக ஒன்று எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் உயில். நான் சொன்ன பங்குக் கணக்கு இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மீதி, கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு செல்லாமல் போகும். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. அந்தந்த வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவளுக்கும் 50 லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுத்தாயிற்று. ஸ்கூல் டீச்சர் சம்பளம்தானே, எதற்கு என்றார் விற்கவந்தவர். அவர் வீட்டில் காலை ஆறிலிருந்து எட்டரை வரை யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம் என்றிருந்தது, கேட்கவில்லை.

மஞ்சள் பை போய் நீல ஃபைல் வந்திருக்கிறது, ஒரு நகல் விருதுநகரில், ஒன்று ஸ்ரீரங்கத்தில். பாக்கி இருப்பது தங்கச்சிதான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மே லீவுக்கு வருகிறாள். ஏன் நான் இல்லை என்றுதான் முதலில் கேட்பாள், டிரான்ஸ்பர் என்று சொன்னால் அழுவாள், சித்தி என்று சொன்னால் சண்டை போடுவாள். இதைப் படித்துவிட்டு அவளே போன் செய்துவிட்டால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.